சத்தம் போடாத கதவுக்கு ஒரு கதை

அலுவலகத்தில் அவளுக்குத் தாலாட்டு என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பாடத் தெரிந்ததால் வந்த பெயர் இல்லை. வாடிக்கையாளர்கள் முன்னால் அவள் பேச எழுந்து நின்றால் எதிரில் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். அவ்வளவுதான்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் டோர் க்ளோசர் செய்தது. கதவின் தலையில் முழங்கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தக் கருவி. ஆள் உள்ளே போனதும் கதவைத் தானாக, அதிராமல் சாத்திவைப்பது அதன் வேலை. அதன் வயிற்றுக்குள் எண்ணெய், ஒரு ஸ்பிரிங், எண்ணெய் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னத் திருகுகள். வடிவமைப்புப் பிரிவில் இருந்த அவளுக்கு இதில் தெரியாத விஷயம் கிடையாது. அதனால்தான் வெளியே போய்ப் பேசவும் அவளையே அனுப்பினார்கள். அவளும் தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள்.

கடைசியாக ஒரு ஹோட்டல் முதலாளி. முதல் ஸ்லைடில் கன்னத்தில் கை வைத்தார். எண்ணெயின் பிசுபிசுப்பைப் பற்றிய ஸ்லைடில் கண்ணை மூடினார். துருப் பரிசோதனை வந்தபோது குறட்டை விட்டார். அந்த அறையின் கதவு காற்றில் டமாரென்று அறைந்ததால்தான் விழித்துக்கொண்டார். "பாத்தீங்களா சார், இதுக்குத்தான் நாங்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். கோபப்படுகிற ஆள் இல்லை. சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள்.

"அடுத்தது ஆஸ்பத்திரி. புதுசா கட்டறாங்க. மாடி மாடியா கதவு. அங்கேயும் நீங்க தூங்க வச்சா நோயாளிங்களுக்கு வேணா நல்லதா இருக்கும். நமக்கு நல்லதில்ல."

"புரியுது சார்."

"முடியாதுன்னா வெளிப்படையா சொல்லிடுங்க. பீரங்கியை அனுப்பிடறேன்."

பீரங்கி விற்பனைப் பிரிவில் இருந்தான். வாயைத் திறந்தால் குண்டு விழும். புரட்சி என்பான், உலகத் தரம் என்பான், கதவுகளின் எதிர்காலம் என்பான். அவன் பேசும்போது யாரும் தூங்கியதில்லை. அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது. ஆனால் அவன் பேச்சைக் கேட்டவர்களுக்கே வெளியே வந்ததும் அவன் விற்றது கதவா ஜன்னலா என்று நினைவிருக்காது. மற்றபடி நல்ல பையன். என்றாலும் தன் க்ளோசரை அவன் வாயில் ஒப்படைக்கத் தாலாட்டுக்கு மனசு வரவில்லை.

"நானே பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள். கணவனின் தங்கை, பல் டாக்டர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"போன வாரம் ஒருத்தர் வந்தார் அண்ணா. நல்ல வாட்டசாட்டமான ஆளு. புதுசா பல் செட்டு வாங்கியிருக்காராம், சிரிச்சா கழண்டு விழுதாம். மறுநாள் பேத்தியோட கல்யாணம். போட்டோவுல சிரிச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். சரி, வாயைத் திறங்கன்னு பாத்தா..." ஒரு வாய் சாப்பிட்டாள். நிதானமாக மென்றாள். "அந்தத் தண்ணியை இப்படித் தள்ளுங்க அண்ணி."

"பாத்தா என்ன?" என்றான் தாலாட்டின் கணவன். சாப்பிடும்போது கையில் இருக்கும் செல்போனை வீடு தீப்பிடித்தாலும் கீழே வைக்காதவன், அதைக் கவிழ்த்தே வைத்துவிட்டான்.

"அந்தப் பல்லு அவரோடது இல்ல."

மேஜையில் ஒருவரும் அசையவில்லை. அவரும் அவர் தம்பியும் ஒரே அறையில் தங்கியதும், கழற்றி வைத்த இரண்டு செட்டும் மாறிப்போனதும், தம்பி அவருடைய பல்லோடு விமானம் ஏறியதும், கல்யாணத்துக்குள் அந்தப் பல்லை எப்படி வரவழைத்தார்கள் என்பதும் வெளிவந்து முடிவதற்குள் எல்லோர் தட்டிலும் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

பாத்திரம் ஒதுங்கவைக்கும்போது தாலாட்டு கேட்டாள். "டாக்டரம்மா, நீ எப்படி இப்படிச் சொல்ற? நான் பேசினா எல்லாரும் தூங்கறாங்க. எனக்குப் பட்டப்பேரே வச்சுட்டாங்க."

"எனக்கென்ன அண்ணி, வர்றவங்கள்லாம் வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்காங்க. எழுந்து ஓடவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. இப்படி ஆளுங்க தினமும் கிடைச்சா நீங்களும் கதை சொல்வீங்க."

"விளையாடாதே. நிஜமா கேக்கறேன்."

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "முதல்ல ஒரு ஆள் வேணும். பல் செட்டு மாறினதைப் பத்திப் பேசப் போறேன்னா யாரு கேப்பா? ஒருத்தர் வந்தார்னா கேப்பாங்க. அந்த ஆளுக்கு ஏதோ ஒண்ணு வேணும். அது சட்டுனு கிடைச்சுடக் கூடாது. நடுவுல நான் தண்ணி கேப்பேன்."

"அது எதுக்கு?"

"தாகத்துக்குத்தான்."

தாலாட்டு இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு முன்பே, நடுவில் வந்து சேர்ந்த ஒரு நூலகத்தில் பேச வேண்டியிருந்தது. அங்கே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆள் வேண்டும். எங்கே போவது? ராத்திரி படுத்துக்கொண்டே ஓர் அம்மாவை உண்டாக்கினாள். கணவரை இழந்தவர். ஒரே மகன், அவனும் தூர தேசத்தில். அம்மாவுக்குக் கண்ணில் நீர்கூட வைத்தாள். தானும் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைமை நூலகர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தாலாட்டு கதையின் உச்சத்துக்கு வந்தாள். "வலது கையால கதவைப் பிடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறாங்க. வீசி அடிச்சது காத்து. கதவு டமார்னு சாத்திக்கிச்சு. விரல் நசுங்கிப்போச்சு மேடம்." இந்த இடத்தில் தண்ணீர் கேட்டாள். துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பீரங்கி பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தான்.

"ஐயோ பாவம்," என்றார் நூலகர். "எந்த விரல்?"

"ஆள்காட்டி விரல்."

"எந்தக் கை?"

"இடது கை."

"வலது கையால பிடிச்சாங்கன்னு சொன்னீங்களே."

"ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க மேடம்."

"அப்ப காய்கறிப் பையை எதுல வச்சிருந்தாங்க?"

அந்த அம்மாவின் கையில் காய்கறிப் பை கொடுத்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காது சூடானது. நூலகர் விடவில்லை. குரலில் நிஜமான கரிசனம் இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தனியா இருக்கறவங்கன்னு சொன்னீங்க. படிக்கப் புத்தகம் கொண்டுபோய்க் குடுப்பேன். அவங்க அட்ரஸ் மட்டும் குடுங்களேன்."

தாலாட்டு பீரங்கியைப் பார்த்தாள். அவன் அவளைக் காப்பாற்றத் துடித்தான்.

"அவங்க தவறிட்டாங்க மேடம்," என்றான்.

"விரல் நசுங்கியா?"

நூலகர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நாள் பூரா கதைக்கு நடுவுலதான்மா உக்காந்திருக்கேன். அந்த அம்மா உயிரோட இருந்திருந்தா நம்பியிருப்பேன். அவசரமா சாகடிச்சதுதான் ஒட்டல." கோபமில்லாமல் சிரித்துவிட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஆர்டர் கொடுக்கவில்லை.

படி இறங்கும்போது பீரங்கி மெதுவாகச் சொன்னான். "காப்பாத்தலாம்னுதான் மேடம் பாத்தேன்."

"கொன்னுட்டீங்க," என்றாள் தாலாட்டு.

அன்று சாயங்காலம் போனில் இதைக் கேட்ட நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

"அந்தப் பல் செட்டுக்காரர் மட்டும் நிஜமா?" என்று தாலாட்டு சீறினாள்.

"நிஜம் அண்ணி! நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றார், நேர்ல வந்து பாருங்க. பொய் சொன்னா எனக்கு மறந்து போயிடும். அதுக்குத்தான் நடந்ததையே சொல்றேன். உங்க கம்பெனி க்ளோசரை எத்தனை ஆயிரம் கதவுல மாட்டியிருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா ஒண்ணும் நடக்கல?"

போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் ஒன்று லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுவதை அவள் பார்த்திருக்கிறாள். நிஜக் கதவில் மாட்டியதும் அவளுக்கும் அதற்கும் உறவு விட்டுப்போகும். மனுஷர்கள் அதைத் திறந்து மூடுவதை உட்கார்ந்து ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் முந்தைய வருஷம் அவர்களுடைய க்ளோசர்களை மாட்டியிருந்தார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டாம் மாடி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் போனார், கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பெருக்குகிறவர் போனார், மெல்லச் சாத்திக்கொண்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அப்பா போனார். யாரும் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதியம் வரை ஒன்றுமே நடக்கவில்லை.

அப்போதுதான் தன் கஷ்டம் என்னவென்று அவளுக்குப் புரிந்தது. நன்றாக வேலை செய்கிற கதவுக்குக் கதையே கிடையாது. சத்தம் போட்டால்தானே சொல்ல ஏதாவது இருக்கும்? ஒன்றும் நடக்காமல் இருப்பதை விற்கிறவள், அதை எப்படிச் சொல்வது?

எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தவள், நடைபாதைக் கோடியில் இருந்த கதவைப் பார்த்தாள். சாமான் அறைக் கதவு. அதற்கு மட்டும் க்ளோசர் இல்லை. உள்பக்கக் கைப்பிடியையும் வெளிப்பக்கக் கைப்பிடியையும் சேர்த்து ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கதவின் விளிம்புக்கு மெத்தை வைத்த மாதிரி.

"சிஸ்டர், இது என்ன?" என்று அந்தப் பக்கம் வந்த தலைமை நர்ஸைக் கேட்டாள்.

நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுவா? இது பழைய கலவரத்துல மிச்சம்."

"என்ன கலவரம்?"

"துண்டுக் கலவரம். உக்காருங்க, சொல்றேன்."

முன்பெல்லாம் இங்கே ஒரு கதவு அறைந்தால் ஒரு குழந்தை விழிக்கும், அது அழுதால் வார்டே அழும். யாரோ ஒரு நர்ஸ் துண்டை எடுத்துக் கைப்பிடியில் கட்டினாள். அதிசயம்போலச் சத்தம் நின்றது. அடுத்த வார்டும் கட்டியது. அப்புறம் எல்லா வார்டும். குழந்தைகளைக் குளிப்பாட்டினால் துவட்டத் துண்டில்லை. இரண்டாம் மாடித் துண்டை மூன்றாம் மாடி திருடியது. இரண்டாம் மாடி தன் துண்டுகளில் சிவப்பு நூலால் அடையாளம் போட்டது. மூன்றாம் மாடி உட்கார்ந்து அந்த நூலைப் பிரித்தது. சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் மாடி மாடியாக ஏறி வந்து சண்டை போட்டார்.

"கடைசியில பெரிய டாக்டர் ஒருத்தர்," என்று நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "கையைக் கழுவிட்டு வந்தார். துடைக்க ஒண்ணுமில்ல. கதவுல ஒரு துண்டு தொங்குது. அவிழ்த்துத் துடைச்சார். பின்னாலேயே கதவு டமார். இருபது குழந்தைங்க ஒரே நேரத்துல வீல்னு கத்துது. நடுவுல அவர் ஈரத் துண்டைப் பிடிச்சுட்டு நிக்கறார். மறுநாளே உங்க க்ளோசருக்குக் கையெழுத்துப் போட்டுட்டார்."

தாலாட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, "இப்ப எல்லாம் சரியா இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"சத்தம் இல்ல. ஆனா அந்த வார்டுக் கதவைப் பாருங்க." சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். வண்டி உள்ளே போய் அவர் பின்னால் நுழைவதற்குள் கதவு திரும்பி வந்து அவர் இடுப்பில் இடித்தது. அவர் அதை எதிர்பார்த்திருந்தார் போல. முகம்கூடச் சுளிக்காமல் இடுப்பாலேயே அதைத் தள்ளிவிட்டுப் போனார். "தினமும் மூணு வேளையும் இடிக்குது. கேட்டா, கதவுன்னா அப்படித்தானேங்கறா."

தாலாட்டுக்குச் சிரிப்பு போய்விட்டது. கதவின் வேகத்தைத் தீர்மானிப்பது அவள் வடிவமைத்த திருகு. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் கணக்குப் போட்டவள், நீளமான சாப்பாட்டு வண்டியை நினைத்துப் பார்க்கவே இல்லை. நாற்காலியைக் கேட்டு வாங்கி, அதன் மேல் ஏறி, பையிலிருந்த திருப்புளியால் திருகைக் கொஞ்சம் திருப்பினாள். வண்டிக்காரப் பெண்ணைப் போகச் சொன்னாள், வரச் சொன்னாள், மறுபடியும் போகச் சொன்னாள். மூன்றாம் தடவை கதவு வண்டிக்கும் ஆளுக்கும் காத்திருந்து, பின்னாலேயே நிதானமாகச் சாத்திக்கொண்டது. அந்தப் பெண் திரும்பி நின்று கதவை ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை நாள் இது என்மேல கோவமா இருக்குன்னு நினைச்சேன்," என்றார்.

"இதை நான் வெளியே சொல்லலாமா சிஸ்டர்?" என்று இறங்கியதும் கேட்டாள்.

"தாராளமா சொல்லுங்க. டாக்டர் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே அவருக்குத் துண்டுன்னா அலர்ஜி."

புது ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு மேலாளரும் வந்தார், பீரங்கியும் வந்தான். எதிரில் நாலு பேர்: ஆஸ்பத்திரித் தலைவர், கணக்கு அதிகாரி, கட்டடப் பொறியாளர், ஓரத்தில் மூத்த மேட்ரன். கணக்கு அதிகாரி வந்ததுமே சாய்வாக உட்கார்ந்து தூக்கத்துக்குத் தயாராகிவிட்டார். திரையில் முதல் ஸ்லைடு நின்றது. அதை அவள் பார்க்கவில்லை.

"ஒரு குழந்தைங்க வார்டுல ஒரு நர்ஸ் இருக்காங்க," என்று தொடங்கினாள். "அவங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். தூங்கின குழந்தை தூங்கட்டும். கதவு விடல."

துண்டு கட்டியதில் தலைவர் முன்னால் சாய்ந்தார். சிவப்பு நூலில் கணக்கு அதிகாரி நிமிர்ந்தார். பெரிய டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து துடைக்க ஏதாவது தேடும் இடத்தில், அவளையும் அறியாமல் தொண்டை வறண்டது. "கொஞ்சம் தண்ணி..." என்றாள்.

"அப்புறம் குடிக்கலாம்மா, அவிழ்த்துட்டாரா?" என்றார் தலைவர்.

அவிழ்த்தார் என்றதும் மேட்ரன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "எங்ககிட்டயும் இதே கதைதான்! பழைய கட்டடத்துல தலையணை உறையைக் கட்டி வச்சிருக்கோம்!" தலைவர் அதிர்ந்துபோனார். "அதான் உறையெல்லாம் கிழியுதா?" என்று கேட்டார் கணக்கு அதிகாரி. தான் டாக்டராகச் சேர்ந்த புதிதில் கதவிடுக்கில் செருப்பைச் சொருகியதைத் தலைவர் சொன்னார். ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பிக்க, கூட்டம் கையை விட்டுப் போய்விட்டது. முதல் ஸ்லைடு திரையில் அநாதையாக நின்றது.

அவர்கள் அடங்கியதும் தாலாட்டு சாப்பாட்டு வண்டியையும் சொன்னாள். மேலாளர் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் நிறுத்தவில்லை. "அந்தம்மாவை எங்க கதவு தினமும் மூணு வேளை இடிச்சிருக்கு சார். நாங்க அதை யோசிக்கல. நான் போய் உக்காந்து பாக்கலேன்னா இன்னும் இடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

அதுவரை சிரிக்காமலிருந்த கட்டடப் பொறியாளர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எந்தத் திருகைத் திருப்பினீங்க? குளிர்ல எண்ணெய் கெட்டியானா அந்த வேகம் மாறாம இருக்குமா?"

அது அவள் மைதானம். எண்ணெயின் பிசுபிசுப்பைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தாள். பழைய ஸ்லைடுகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஓரக்கண்ணால் கணக்கு அதிகாரியைப் பார்த்தாள். அவர் கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "குளிர்காலத்துல அந்த வண்டிக்காரம்மாவுக்கு இடிக்குமா, இடிக்காதா?" என்று இடையில் கவலையோடு வேறு விசாரித்தார்.

முழுக் கட்டடத்தையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பிரசவ மாடிக்கு மட்டும் முதலில் மாட்டுங்கள், பார்க்கலாம் என்றார்கள். மேட்ரன் ஒரு நிபந்தனை போட்டார்: மாட்டிய பிறகு இந்தப் பொண்ணு ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் மேலாளர், "காலை மிதிச்சது வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். பீரங்கி தயங்கித் தயங்கி, அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தானும் ஒரு நாள் போய் உட்காரலாமா என்று கேட்டான். "போங்க. ஆனா யாரையும் சாகடிக்காதீங்க," என்றாள்.

க்ளோசர் மாட்டி முடித்த வாரம் தாலாட்டு பிரசவ மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். மடியில் ஒரு நிறுத்துக் கடிகாரம். கதவு எத்தனை நொடியில் சாத்திக்கொள்கிறது என்று பார்ப்பதற்கு. எதிரில் ஓர் இளைஞன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். நாலைந்து நடைக்குப் பிறகு அவள் முன்னால் நின்றான்.

"நீங்க யாருக்காகக் காத்துட்டு இருக்கீங்க?"

"இந்தக் கதவு சாத்திக்கறதுக்காக."

அவன் அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பிறகு சிரித்தே விட்டான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே மனைவி இருப்பதையும், முதல் குழந்தை என்பதையும், காலையிலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் மடமடவென்று கொட்டினான். மாமியார் கான்டீனுக்குப் போயிருக்கிறார், வந்து கேட்டால் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்றான். அவளும் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் ஒருவர் தலையை நீட்டி அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அவனுக்குப் பின்னால் கதவு எப்படிச் சாத்திக்கொண்டது, எத்தனை நொடியில் சாத்திக்கொண்டது என்று அவள் பார்க்கவே இல்லை. நிறுத்துக் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்து, பையனா பொண்ணா என்று யாராவது வந்து சொல்லட்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.